பாண்டம் மாமாவும் பாதி வசனமும்

திருவனந்தபுரத்தில் எத்தனை தமிழ்ச் சபைகள் உண்டோ அத்தனை சபைப் போதகர்மாரும் பயந்த ஒரே மனுஷர் பாண்டம் மாமாதான். பிஷப்புக்குக்கூட அவர்கள் அவ்வளவு பயந்ததில்லை. பிஷப் எப்போதாவது வருவார், வருகிற தேதியும் முன்கூட்டியே தெரியும். மாமா ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வருவார், ஒரு வண்டி நிறையப் பாத்திரத்தோடு.

வாடகைக்குப் பாத்திரம் கொடுப்பதுதான் அவருடைய தொழில். சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டிகளைத் தாண்டி ஒரு சந்துக்குள் நுழைந்தால் அவருடைய கொட்டகை. அண்டா, சருவம், வாளி, கரண்டி, கண்ணாடி டம்ளர் என்று மோட்டுவளை வரைக்கும் அடுக்கியிருக்கும். அந்த அடுக்குகளுக்கு நடுவில் ஒரு முக்காலி. முக்காலியில் மாமா. மடியில் வேதப்புத்தகம். பாத்திரம் எடுக்கப் போகிறவர்கள் முதலில் ஒரு வசனத்துக்கு அர்த்தம் கேட்டுவிட்டுத்தான் கரண்டியைக் கண்ணால் பார்க்க முடியும்.

வேதத்தில் எத்தனையோ வார்த்தைகள் இருக்க, மாமா பிடித்துக்கொண்டது ஒரே வார்த்தையை. பேதுரு தம் நிருபத்தில் மனைவியைப் பற்றி எழுதும்போது 'பெலவீன பாண்டம்' என்கிறாரே, அந்தப் பாண்டம். பாண்டம் என்றால் பாத்திரம்தானே. நம் கல்யாணங்களில் இது வாசிக்கப்படாமல் போவது அபூர்வம். மாமாவும் கல்யாணம் தவறாமல் போகிறவர். அவருடைய வாதம் இதுதான்: "பாண்டத்தப் பத்திப் பேச இந்த ஊர்ல எனக்குத்தான் உரிமை. போதகர் ஐயா செமினரியில படிச்சிருப்பாரு. நான் அண்டாவுக்குள்ள எறங்கி நின்னு கழுவியிருக்கேன்."

சமையல் பந்தலில் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, தோளில் துண்டும் கையில் ஒரு நீளக் கரண்டியுமாகச் சபைக் கோயிலின் பக்கவாசலில் வந்து நிற்பார். பிரசங்கத்தில் அந்த வார்த்தை வந்த உடனே உள்ளே வந்துவிடுவார். முதல் தடவை இது நடந்தபோது நான் அங்கே இருந்தேன்.

"ஐயா, ஒரு சந்தேகம். அது எந்தப் பாண்டம்?"

போதகருக்கு ஒன்றும் புரியவில்லை. கையில் கரண்டியோடு வந்திருக்கிறாரே, சாப்பாட்டு விஷயமாக இருக்கும் என்று நினைத்து, "சமையல்காரரிடம் கேளுங்கள்" என்றார்.

"சமையல்காரனுக்கு வேதம் தெரியாது ஐயா. மண்ணா, இரும்பா, வெண்கலமா? மண்ணுன்னா பெலவீனம்னு சொல்லலாம். அண்டான்னா நான் ஒத்துக்கிட மாட்டேன். எங்கிட்ட இருக்கிற அண்டால ஆனை குளிக்கலாம், கேட்டேளா?"

கல்யாணப் பெண் தலைமுக்காட்டுக்குள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்கித் தாலி கட்டப் பத்து நிமிஷம் ஆயிற்று.

அடுத்த கல்யாணத்தில் அந்தப் போதகர் உஷாரானார். பாண்டமே வேண்டாம் என்று கானாவூர்க் கல்யாணத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். இயேசு ஆறு கற்சாடித் தண்ணீரைத் திராட்சரசமாக்கிய இடம் வரைக்கும் நிம்மதியாகப் போயிற்று. பக்கவாசலில் கரண்டி தெரிந்தது.

"ஐயா, அந்த ஆறு கற்சாடி இருக்குதுல்லா, அத கழுவித்தானே திருப்பிக் கொடுத்தாங்க?"

இப்படிப்பட்ட மனுஷரோடு குடும்பம் நடத்தியவர் மாமி. மாமா பேசுவார், மாமி தூக்குவார். வண்டியிலிருந்து அண்டாவை ஒற்றை ஆளாக உருட்டி இறக்கி, இடுப்பால் முட்டுக்கொடுத்து நிறுத்துவது மாமி. பின்னாலேயே மூடியைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு வருவது மாமா. வந்ததும் மாமியைக் காட்டி நம்மிடம் கேட்பார்: "இதுல யாரு பெலவீனம்னு நீங்களே சொல்லுங்க."

"வாயில பெலவீனம் இல்லாத ஆளு" என்பார் மாமி. "மூடிய எடுத்து ஒழுங்கா வைங்க."

மாமாவிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. இந்த ஊரில் வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பிரதமன் பாயசம் வைக்கிற பெரிய வெண்கல உருளி அவரிடம் ஒன்று உண்டு. தட்டினால் கோயில் மணி மாதிரிச் சத்தம் கேட்கும். கல்யாணத்துக்கு அந்த உருளி வேண்டுமென்றால் மாப்பிள்ளை நேரில் வரவேண்டும். மாப்பிள்ளையே கொட்டகைக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டுபோய் வண்டியில் வைக்க வேண்டும். எடை அதிகம் என்பதால் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம். மாமா முக்காலியில் இருந்துகொண்டு மாப்பிள்ளையின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ரெண்டு கையும்!" என்று ஒரு அதட்டல் வரும். மாமா பேச்சில் அடிக்கடி வருவது அதுதான். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாலும் ஒற்றைக் கையால் கொடுத்தால் வாங்க மாட்டார்.

ஒரு மாப்பிள்ளை கையில் செல்போனோடு வந்தான். பேச்சை நிறுத்தாமல் உருளியைக் காலால் தள்ளினான். மாமா எழுந்துபோய் உருளிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார். கடைசிவரை இறங்கவில்லை. அந்தக் கல்யாணத்தில் அலுமினிய அண்டாவில்தான் பாயசம் வைத்தார்கள். விஷயம் எப்படியோ பந்தி முழுக்கப் பரவிவிட்டது. பாயசத்தை ஒரு வாய் குடித்த ஒவ்வொருவரும் தலையைத் திருப்பி மாப்பிள்ளையைப் பார்த்தார்கள்.

இதையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள்தான் நான். என் வீட்டுக்கே அந்த வார்த்தை வந்து வாசலில் நிற்கும் என்று நினைக்கவில்லை.

என் மகள் ஷைனி விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். உயரத்தில் ஏறி உட்கார்ந்து ஓட்டுவதில்லை, ஒரு அறைக்குள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கையில் பிடித்த சிறிய குச்சியை அசைத்தால் வெளியே கப்பலிலிருந்து ஒரு வீடு அளவு பெட்டி எழும்பி வருகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், "மகளுக்கு என்ன பிள்ளே வேலை?" என்று கேட்டவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. ஒருவரும் நம்பவில்லை.

அவளுக்கு மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் அஜின், அமைதியான பிள்ளை. ஷைனிக்கும் பிடித்திருந்தது. எல்லாம் கூடிவந்த பிறகு, அஜினின் பெரியப்பா போன் செய்தார். தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் வேதபாகம் வாசிப்பது அவர்தானாம். பேதுருவின் அந்தப் பகுதியைத்தான் வாசிப்பாராம்.

ஷைனி சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"அம்மா, அவங்க மூத்த பையனுக்க கல்யாண வீடியோல நான் அத கேட்டேன். பெலவீன பாண்டம்னு சொல்லி அழுத்தி வாசிச்சிட்டு அவரு புத்தகத்த டப்புன்னு மூடுவாரு. எல்லாரும் திரும்பிப் பொண்ணப் பாப்பாங்க. அந்தச் சேச்சி தலையக் குனிஞ்சிட்டு நிக்கும். நான் நாப்பது டன் பெட்டிய அலுங்காம எறக்கிட்டு வந்து அங்க தலையக் குனிஞ்சிட்டு நிக்கணுமா? எனக்கு வய்யா, என்னால முடியாது. அத வாசிச்சா நான் எறங்கிப் போயிருவேன்."

"வேதத்துல உள்ளதுதானே மக்களே."

"வேதத்துல எவ்வளவோ இருக்கு. வேற ஒண்ணு வாசிக்கட்டு."

பெரியப்பாவிடம் பதமாகச் சொல்லிப் பார்த்தோம். அவர் குரல் மாறிவிட்டது. "வேத வசனம் வேண்டாம்னு சொல்லுற வீட்டுல நாங்க பெண் எடுக்கணுமான்னு யோசிக்கணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

என் மகள் சொன்னால் செய்கிறவள். கோயிலில் இருந்து இறங்கிப் போவேன் என்றால் போவாள், பட்டுப்புடவையோடு பஸ் ஏறி விழிஞ்ஞத்துக்கே போய்விடுவாள். வேதத்தில் எழுதியிருப்பதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவளை அடக்கி உட்கார வைக்கவும் மனசு வராது. இரண்டு நாள் அடுப்படியில் நின்றபடியே ஜெபம் பண்ணினேன். தேங்காய் துருவினாலும் அதே ஜெபம்தான். "ஆண்டவரே, இந்த ஒரு வார்த்தையில என் பிள்ளைக்க வாழ்க்க முட்டிட்டு நிக்குது. ஒரு வழி காட்டும்."

கர்த்தர் வழி காட்டுவார். அந்த வழி பாண்டம் மாமாவின் சந்து வழியாகப் போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை காலையில் உருளி விஷயமாக நாங்கள் மூன்றுபேர் அங்கே போனோம். அஜின், ஷைனி, நான். பெரியவர்களுக்குள்ளே கசப்பு இருந்தாலும் அஜின் வந்துவிட்டான். வந்தவன் மாமாவைக் கும்பிட்டுவிட்டு, உருளியைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். பிறகு கையிலிருந்த வாட்சைக் கழற்றிப் பையில் போட்டான். மாமா முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எதுக்கு வாட்ச கழத்துத?"

"உரசிருமில்லா, மாமா."

மாமா திரும்பி மாமியைப் பார்த்தார். மாமி இன்னொரு முனையைப் பிடித்தார். இரண்டுபேருமாகத் தூக்கினார்கள். சந்தில் ஒரு சாக்கடைப் பலகை உண்டு. அதைத் தாண்டும்போது அஜின் தடுமாறினான். அப்போது எங்களுக்குப் பின்னாலிருந்து ஷைனியின் குரல் கேட்டது. துறைமுகத்தில் பேசுகிற குரல்.

"நிறுத்து. உன் பக்கம் ரெண்டு விரல்கட உயத்து. மதி, போதும். இனி எடத்தோட்டு, எடது பக்கம்... மெல்ல... எறக்கு."

உருளி வண்டியில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

"இதென்ன பிள்ள, இது வாயாலேயே தூக்குதே!" என்றார் மாமா. சந்தோஷத்தில் அன்றைக்கு அவருக்கு முக்காலி கொள்ளவில்லை. உடனே மடியிலிருந்த புத்தகத்தைத் திறந்தார். எங்கள் வீட்டு விஷயம் எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"பிள்ளே, நீ கோவப்படுதது தப்பு. பெலவீனம்னா கேவலம் இல்ல, கேட்டியா? இரும்புச் சட்டிய தூக்கிப் போடு, ஒண்ணும் ஆவாது. அதனால அத யாரும் மதிக்கியதும் இல்ல. வெண்கல உருளி அப்படி இல்ல. விழுந்தா கீறும். அதனாலதான் சாக்குல பொதிஞ்சு, வண்டியில ஒரு ஆள கூட உக்கார வச்சு, பொத்திப் பொத்திக் கொண்டுபோறோம். பேதுரு சொன்னது வெண்கலம். இது எனக்கு இருவது வருசத்து ஆராய்ச்சி."

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். நல்ல அர்த்தம்தானே என்று எனக்குத் தோன்றியது. ஷைனிக்குத் தோன்றவில்லை.

"அப்போ என்ன சாக்குல பொதிஞ்சு வைக்கணுமா, அங்கிளே?"

"சாக்குன்னா சாக்கு இல்ல பிள்ளே..."

"உங்க உருளி வருசத்துல எத்தன நாள் வெளிய போவும்? மத்த நாளெல்லாம் மூலையில சாக்குக்குள்ள கெடக்குது. நான் டெய்லி வேலைக்குப் போறவ. எனக்கு வெண்கலமும் வேண்டாம், இரும்பும் வேண்டாம்."

இருபது வருஷத்து ஆராய்ச்சி ஒரே நிமிஷத்தில் தரையில் கிடந்தது. பக்கத்தில் மாமி கரண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தவர் எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சிரித்தார்.

"கெட்டிக்கொண்டு வந்த நாள்ல இருந்து நான் சொல்லணும்னு நெனச்சத இந்தப் பிள்ள சொல்லிட்டு."

மாமா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போனார். எங்கள் கல்யாணத்துக்கு டம்ளர் எடுத்து வைக்க வேண்டும். அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே கண்ணாடி டம்ளர்கள் கலகலவென்று பேசின. ஷைனி துள்ளி எழுந்தாள்.

"அங்கிளே! தலகீழா பிடிச்சிருக்கேளே! அம்புக்குறி கீழ பாக்குது!"

"எந்த அம்பு?"

"பெட்டி மேல போட்டிருக்குல்லா. கண்ணாடி டம்ளர் படமும் இருக்கு. பாக்கலியா?"

"அது பெட்டிக்குப் போட்ட படம்தானே. எனக்கு என்னத்துக்கு?"

ஷைனிக்குப் பொறுமை போய்விட்டது. வேலை விஷயத்தில் யாராவது தப்பாகப் பேசினால் அவளுக்குப் பொறுக்காது.

"பெட்டிக்கு எதுக்கு அங்கிளே படம்? பெட்டி அத வாசிக்குமா? தூக்குற ஆளுக்குத்தான் படம். பெட்டி எப்பவும்போல இருக்கும், அதுக்கு ஒண்ணும் இல்ல. நான் பாத்துத் தூக்கணும், நான் மெல்ல எறக்கணும். உள்ள உடைஞ்சு கெடந்தா பெட்டியக் கூப்பிட்டு யாரும் கேக்க மாட்டாங்க. என்னத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க!"

அவள் சொன்னது அவளுக்கே அப்போதுதான் காதில் விழுந்ததுபோல் இருந்தது.

மாமா பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்தார். நேராகத் திருப்பி வைத்தார். குனிந்து, அந்த டம்ளர் படத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பிள்ளே" என்றார் மெதுவாக. "இருவது வருசமா நான் பாண்டத்தையே சொரண்டிச் சொரண்டிப் பாத்தேன். யாருக்கு எழுதுனதுன்னு பாக்காம விட்டுட்டேனே."

என் பையில் வேதப்புத்தகம் எப்போதும் உண்டு. எடுத்து அந்த இடத்தைத் திறந்தேன். எத்தனையோ கல்யாணத்தில் கேட்ட வசனம்தான். ஆனால் அன்றைக்குத்தான் முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை என் கண்ணால் நிதானமாக வாசித்தேன். அது புருஷர்களே என்று ஆண்களைக் கூப்பிட்டுத்தான் தொடங்குகிறது. உங்கள் மனைவிகளோடு புத்தியாக வாழுங்கள் என்கிறது. கர்த்தருடைய கிருபையில் அவர்களுக்கும் உங்களோடு சரிபங்கு உண்டு, அவர்களை மதியுங்கள் என்கிறது. அப்படிச் செய்யாவிட்டால் உங்கள் ஜெபத்துக்கே தடை வரும் என்று எச்சரிக்கையும் உண்டு. என்னுடைய கல்யாணத்திலும் இதைத்தான் வாசித்தார்கள். பாண்டம் வரைக்கும் என் காதில் விழுந்தது. மிச்சத்தை வாசித்தார்களா, வாசிக்கவில்லையா? எனக்கு ஞாபகமே இல்லை.

ஷைனி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து வாசித்தாள். "அம்மா, இது இவனுக்குள்ளதுல்லா! பின்ன எதுக்கு எல்லாரும் பொண்ணப் பாக்கிறாங்க?"

அஜினும் புத்தகத்தை எட்டிப் பார்த்தான். "ஆமா. எனக்குள்ளதுதான்" என்றான். அவன் முகத்தில் அப்போதுதான் கல்யாணப் பயம் வந்தது.

"முழுசும் வாசிச்சா நான் இருப்பேன்" என்றாள் ஷைனி. "பாதியில மூடினா எறங்கிப் போவேன்."

பெரியப்பாவிடம் அஜினே பேசினான். முழு வசனத்தையும் வாசிக்க வேண்டும், அதுமட்டும்தான் பெண் வீட்டார் கேட்பது என்றான். வேதத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, கூட்டித்தான் கேட்கிறோம் என்று தெரிந்ததும் அவருக்கு மறுக்க வழியில்லை. "செரி, வாசிப்பேன்" என்றார்.

மிச்சமிருந்த ஆபத்து மாமாதான். புது அர்த்தம் கிடைத்த மனுஷரை எப்படி அடக்குவது? கோயிலில் எழுந்து நின்று பேசியே தீருவேன் என்றார். நான் அழாத குறையாகக் கெஞ்சினேன்.

"மாமா, என் பிள்ளைக்க கல்யாணம். நீங்க வாயத் தொறந்தா அந்தப் பெரியப்பா திரும்பவும் முறுக்கிக்கிடுவாரு. ஒரு வார்த்த பேசமாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணணும்."

"சத்தியம் பண்ணப்படாதுன்னு வேதத்துல இருக்கு பிள்ளே."

"அப்போ வாக்குத் தாங்க."

மாமா கைநீட்டி உருளியைத் தொட்டார். "ஒரு வார்த்த பேசமாட்டேன். மதியா?"

கல்யாண நாள். கோயில் நிறைந்திருந்தது. பக்கவாசலில் மாமாவின் துண்டு தெரிந்தது. கையில் கரண்டி இல்லை என்பதைப் பார்த்து நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். பெரியப்பா எழுந்து போனார். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, வகுப்பறைக் குரல். கணீரென்று வாசித்தார். அந்த இடம் வந்தது. "பெலவீன பாண்டம்" என்று ஒரு நிறுத்து நிறுத்தினார்.

டப்.

புத்தகத்தை மூடிவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை, அது இன்றைக்கும் எனக்கு நிச்சயம். எத்தனையோ கல்யாணமாக அந்த இடத்தில் மூடிப் பழகிய கை, தானாக மூடிவிட்டது. எல்லாத் தலையும் ஷைனி பக்கம் திரும்பியது. அவள் பூச்செண்டை இடது கைக்கு மாற்றி, வலது கையால் புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். நடக்கப் போகிறவள் செய்கிற காரியம் அது.

அப்போதுதான் நடுப்பாதையில் காலடிச் சத்தம் கேட்டது.

மாமா. பின்வாசல் வழியாகச் சுற்றி வந்திருக்கிறார். இரண்டு கையாலும் அந்த அட்டைப்பெட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, காணிக்கைத் தட்டு கொண்டுபோகிறவர் மாதிரி ஒவ்வொரு அடியாக வைத்து நடந்து வந்தார். உதட்டை இறுக்கி மூடியிருந்தார். நேரே பெரியப்பாவின் முன்னால் போய்ப் பெட்டியை இறக்கி வைத்தார். டம்ளர் படம் சபையைப் பார்க்கும்படி திருப்பினார். படத்தை ஒரு விரலால் தொட்டார். அதே விரலை நீட்டி அஜினைக் காட்டினார். பிறகு மூடிய புத்தகத்தைக் காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

சபைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. போதகர் ஐயா கண்ணை மூடிக்கொண்டார், ஜெபமா பயமா தெரியாது. பெரியப்பா, "என்ன இது, டம்ளரா? இப்ப எதுக்கு டம்ளர்?" என்றார்.

புரிந்தது அஜினுக்குத்தான். அவன் ஒரு அடி முன்னால் வைத்தான்.

"பெரியப்பா, மிச்சத்தையும் வாசிங்க. அதுல எனக்குள்ளது இருக்கு, எனக்குக் கேக்கணும்."

பெரியப்பா பதறிப்போனார். "ஐயோ, மறந்துபோச்சுதே மக்களே" என்று அவசரமாகப் புத்தகத்தைத் திறந்தார். வாசித்தார். பழக்கமில்லாத இடம் என்பதால் கொஞ்சம் தடுமாறினார். புத்தியோடு வாழ்வது வந்தது, சரிபங்கு வந்தது, மதிப்பு வந்தது. ஜெபத்துக்குத் தடை வரும் என்ற இடத்தில் அவருடைய குரலே இறங்கிவிட்டது. வாசித்து முடித்த அமைதியில், பெண்கள் பக்கத்து முதல் வரிசையிலிருந்து அவருடைய மனைவி, பெரியம்மா, தனக்குத்தானே சொல்வதாக நினைத்துக்கொண்டு சத்தமாகவே கேட்டுவிட்டார்:

"இவ்வளவு மிச்சம் இருந்துதா?"

கோயில் சிரித்தது. முதலில் பெண்கள் பக்கம், பிறகு ஆண்கள் பக்கம், கடைசியில் போதகர் ஐயாவும். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஷைனி கொசுவத்தை விட்டாள். பூச்செண்டு வலது கைக்குத் திரும்பி வந்தது. அஜின் தாலி கட்டும்போது இரண்டு கையையும் நீட்டி அவள் கழுத்தைப் பார்த்து நின்றான். பக்கவாசலிலிருந்து மாமா இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினார்.

அன்று பந்தியில் வெண்கல உருளிப் பிரதமன். பெரியப்பா மூன்று தடவை வாங்கிக் குடித்தார். நான்காவது தடவை ஒரு டம்ளர் வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய்ப் பெரியம்மாவிடம் கொடுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பெரியம்மா டம்ளரைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தார்.

மாமாவிடம் போய், "வாக்கக் காப்பாத்திட்டிய மாமா" என்றேன்.

"நாக்கு ரெண்டு எடத்துல முறிஞ்சிருக்கும் பிள்ளே" என்றார். "இனி பேசலாமா?" என்று கேட்டுவிட்டு, வழியில் போன மூன்று போதகர்மாரைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். கடைசி அண்டா கழுவி முடிகிற வரைக்கும் அவர்கள் தப்பவில்லை. தமக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது கிரேன் ஓட்டுகிற ஒரு பிள்ளை என்று ஒவ்வொருவரிடமும் மறக்காமல் சொன்னார்.

போன மழைக்காலத்தில் கொட்டகைப் படியில் வழுக்கி விழுந்து மாமாவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும், ஒரு தூக்குப்போணியில் பாயசம் எடுத்துக்கொண்டு ஷைனியும் நானும் பார்க்கப் போனோம். மாமி அவரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, தலையணையில் சாய்த்து உட்கார வைத்தார். அண்டா இறக்கிய கையல்லவா, மாமா அலுங்கவில்லை.

கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு அட்டைத்துண்டு ஒட்டியிருந்தது. எங்கள் கல்யாணப் பெட்டியிலிருந்து வெட்டியெடுத்தது. கண்ணாடி டம்ளர் படம், பக்கத்தில் அம்புக்குறி.

"பாக்க வாற ஆளுக படார்னு கட்டில்ல உக்காந்திருதாங்க" என்றார் மாமி. "அதான் ஒட்டி வச்சேன். வாசிக்கவேண்டியவங்க வாசிக்கட்டு."

மாமா கழுத்தைத் திருப்ப முடியாமல் என்னைப் பார்த்தார். "அம்பு சரியா மேல பாக்குதா பிள்ளே? இவ தலகீழா ஒட்டியிருப்பா."

"மேலதான் மாமா பாக்குது."

"அப்போ செரி. எங்க போணும்னு எனக்கும் ஒரு ஞாபகம் இருக்கும்."

"சும்மா கெடங்க, இப்ப ஒரு எடமும் போவண்டாம்" என்று மாமி அதட்டினார். "போட்டிருக்கிற பாத்திரமெல்லாம் யாரு கழுவுவா?"

ஷைனி சிரித்துக்கொண்டே பாயசத்தை டம்ளரில் ஊற்றி என்னிடம் தந்தாள். நான் கட்டிலோரம் குனிந்தேன். மாமா வாயைத் திறந்தார், என்ன சொல்லப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் இரண்டு கையும் ஏற்கெனவே டம்ளரைச் சுற்றி இருந்தன.